பன்னிரண்டாவது கேள்வி

மயிலாப்பூர்,
8.12.2024, ஞாயிறு.

அம்சுக் கண்ணு,

உன் நோட்டில்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. ‘இன்டர்வியூ நோட்டு. வேறு எதுவும் எழுதக் கூடாது’ என்று அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச்சால் எழுதி வைத்தவள் நீ. ஒரு தடவை காஸ் சிலிண்டர் புக் பண்ணிய நம்பரை இதில் குறித்துவிட்டேன் என்று அரை நாள் என்னோடு பேசவில்லை. முன்னால் பதினெட்டுப் பக்கம் உன் எழுத்து. நான் கடைசி அட்டையிலிருந்து எழுதி வருகிறேன். உன் பக்கத்தைத் தொடமாட்டேன்.

வியாழக்கிழமையோடு முப்பதாம் நாள் முடிந்தது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். உன் அப்பா போனபோது உனக்கு நாலு வயது. அப்போது எனக்கு அழ நேரம் இல்லை. உனக்குச் சோறு ஊட்ட வேண்டியிருந்தது. இப்போது நேரம் நிறைய இருக்கிறது. வாய்விட்டு உன்னைக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் நீ திருத்திவிடுவாய் என்று நினைத்துக்கொண்டே எழுத ஆரம்பித்தேன். ஒரு வரி எழுதின பிறகுதான் ஞாபகம் வந்தது.

உன் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். நல்ல போட்டோ தேடினோம், எல்லாவற்றிலும் யாராவது பக்கத்தில் நிற்கிறார்கள். கடைசியில் உன் சிநேகிதி புஷ்ராதான் உன் ஃபைலில் இருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிதாக்கி வந்தாள். சிரிக்காத போட்டோ. வேலை கேட்கிற முகத்தோடேயே மாலைக்குள் இருக்கிறாய்.

தி.நகரிலிருந்து ஜெயபாரதி அக்கா மறுபடி தைக்கப் புடவை அனுப்ப ஆரம்பித்திருக்கிறாள். ‘உன் கை சும்மா இருக்கக் கூடாதுடி’ என்று சொல்லி அனுப்பினாள். ஃபால்ஸ் தைக்கிறேன். உன் போனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறேன். பொங்கல் வரைக்கும் அதில் ரீசார்ஜ் இருக்கிறதாம்.

பத்தே நாளில் ஒரு டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அந்தக் காய்ச்சல் ஆரம்பித்த திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதை உனக்கு எழுத வேண்டும் என்றுதான் இன்றைக்கு உட்கார்ந்தேன். கை போகவில்லை.

முதல் பக்கத்தில் நீ எனக்கு எழுதிய லெட்டரை இன்றைக்கு மறுபடி படித்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குடி லெட்டர் என்று அன்றைக்குச் சிரித்தேன்.

உன் அம்மா


மயிலாப்பூர்,
14.7.2024.

பெருமதிப்புக்குரிய இன்டர்வியூ ஆபீசர் கற்பகம் மேம் அவர்களுக்கு,

வணக்கம். நேற்றோடு மூன்று இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உனக்கே தெரியும். வீட்டில் எனக்கு எல்லாப் பதிலும் வருகிறது. அங்கே போய் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முந்தின நாளே உடம்பு சுட ஆரம்பித்துவிடுகிறது. நீ கழுத்தைத் தொட்டுப் பார்த்து ‘இன்னாடி, இட்லிப் பானை மாதிரி கீறே’ என்கிறாய். போய்விட்டு வந்தால் ஆறிவிடுகிறது.

எதிரில் ஓர் ஆளை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லிப் பழக வேண்டும் என்று புஷ்ரா சொல்கிறாள். எனக்கு எதிரில் உட்கார உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆகையால் தங்களை ஆபீசராக நியமிக்கிறேன். சம்பளம் கிடையாது. காபி உண்டு.

பன்னிரண்டு கேள்வி. இங்கிலீஷ்தான், ஆனால் உனக்காகத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். என் பதிலையும் அப்படியே எழுதியிருக்கிறேன், நான் விட்டுவிட்டால் நீ பிடிக்க வேண்டும். கேட்கிறபோது ஃபேனை நிறுத்திவிடு. ஃபேன் சத்தத்தில் எனக்குத் தைரியம் வந்துவிடுகிறது, அங்கே அந்தச் சத்தம் இருக்காது. அம்சு, குட்டி, சனியன் எதுவும் கூடாது. ‘ஹம்சா’தான். வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும். கேட்டுவிட்டுப் பத்து எண்ணுகிற வரை பொறுக்க வேண்டும், உடனே நீயே பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. சிரிக்கவே கூடாது. கையில் ஊசி இருக்கலாம். ஆனால் நான் பேசும்போது புடவையைப் பார்க்கக் கூடாது, என்னைப் பார்க்க வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை. எல்லா இடத்திலும் முடிக்கும்போது ‘எங்ககிட்ட கேக்க உங்களுக்கு ஏதாவது இருக்கா?’ என்று கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லக் கூடாதாம். மூன்று இடத்திலும் நான் ‘நோ மேம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். என்னத்தைக் கேட்பது? யோசித்து எழுதுகிறேன். இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வேலை கேட்கும் ஹம்சா
(வீட்டுக்கு அம்சு)


மயிலாப்பூர்,
17.12.2024, செவ்வாய்.

அம்சு,

ஒரு தப்புப் பண்ணிவிட்டேன்.

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் மைக் சத்தத்தில் சீக்கிரமே எழுந்து, பதினோரு மணிக்கெல்லாம் நாலாவது புடவையில் இருந்தேன். உன் போன் அடித்தது. நாற்பது நாளாக அதில் ரெக்கார்டு பண்ணின குரல்கள்தான் வருகின்றன. அது போல ஒன்று என்று எடுத்தேன்.

‘குட் மார்னிங். ஆம் ஐ ஸ்பீக்கிங் டு ஹம்சா?’

ஒரு பொம்பளைக் குரல். இந்த நாற்பது நாளில் உன் பெயரை இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி ஒருத்தரும் கூப்பிடவில்லை. பாவம் அந்தப் பொண்ணு என்கிறார்கள், உன் மவ என்கிறார்கள். இந்த அம்மா ஹம்சா என்றாள். என் வாய் தானாகத் திறந்தது.

‘யெஸ் மேம், ஹம்சா ஸ்பீக்கிங்.’

நீ ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, நான் சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு, போன் இன்டர்வியூ எத்தனை தடவை நடத்தியிருப்போம்! அந்தப் பழக்கம். அவள் பேர் மாளவிகாவாம். அடையாறில் கண்ணாடிக் கம்பெனி ஆபீசாம், மூக்குக் கண்ணாடி விற்கிறவர்கள். வாங்கினவர்கள் போன் பண்ணினால் பேசுகிற வேலை. செப்டம்பரில் நீ அப்ளிகேஷன் போட்டிருந்தாயாம். இதெல்லாம் எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்புறம் அவள் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்றாள்.

உன் குரலில் பேசினேன் என்று சொல்லமாட்டேன். என் குரல்தான். ஆனால் நீ மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டேன். ஐ ஆம் ஹம்சா, ஐ ஆம் ஃப்ரம் மயிலாப்பூர், அப்புறம் பி.காம்., அப்புறம் மை மதர் ஈஸ் மை ஃபேமிலி. அந்த இடத்தில் நீ எப்போதும் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாய். நான் போட்டோவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

ஏழாவது கேள்வியும் கேட்டாள். உன் குறை என்ன என்கிற கேள்வி. நீ முதலில் எழுதிய பதில்தான் வாயில் வந்தது. அடித்துவிட்டு அப்புறம் எழுதினாயே, அது வரவில்லை. என் குறை பயம், பயந்தால் மறந்துவிடுவேன், அதனால் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்வேன். இதை நீ இங்கிலீஷில் சொல்கிற மாதிரியே சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பத்து எண்ணினேன்.

அடுத்து நோட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ‘சாரி மேம், தமிழ்ல கேக்கலாமா?’ என்றேன். சிரித்தாள். ‘தாராளமா. ஒரு கஸ்டமர் கண்ணாடி வரலைன்னு போன்ல கத்துறாங்க. நீங்க என்ன செய்வீங்க?’ என்றாள்.

இதற்கு நீ என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. நான் உன்னைப் பார்த்துக் கத்துகிறபோது நீ என்ன செய்வாயோ அதைச் சொன்னேன். ‘கத்தி முடிக்கட்டும்னு நிப்பேன் மேம். நடுவுல பேச மாட்டேன். முடிச்சதும், தண்ணி குடிச்சிட்டு சொல்லுங்க, நான் இங்கதான் கீறேன்னு சொல்லுவேன்.’

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு நேரில் வர முடியுமா என்று கேட்டாள். வரேன் மேம் என்றேன்.

போனை வைத்த பிறகு பார்த்தால் ஃபேன் நின்றிருக்கிறது. நான்தான் எழுந்து போய் நிறுத்தியிருக்க வேண்டும். எப்போது என்று தெரியவில்லை.

ஒன்பது இடத்தில் உன்னை வேண்டாம் என்றார்கள், அம்சு. பத்தாவது இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அம்மா


மயிலாப்பூர்,
19.12.2024, வியாழன்.

அம்சு,

கம்பெனியிலிருந்து உன் போனுக்கு இங்கிலீஷில் மெசேஜ் வந்தது. அட்ரஸ்தான் என்று தெரிகிறது, மிச்சம் தெரியவில்லை. புஷ்ராவைக் கூப்பிட்டேன். திருவல்லிக்கேணியில் கடை வேலையை முடித்து நேராக வந்தாள். படித்தாள். மறுபடி படித்தாள்.

‘ஆன்ட்டி, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க? ஹம்சா பேர்ல நீங்க பேசினீங்களா?’

‘வாய்ல வந்துட்ச்சிமா.’

‘வாய்ல வந்துட்ச்சா! நான் பி.காம். முடிச்சி ரெண்டு வருஷமா முட்டிக்கினு கீறேன், எனக்கு ஒரு ரவுண்டு தாண்டல. நீங்க அஞ்சாங்கிளாஸ், ஒரே போன்ல பாஸா?’

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே மாறிவிட்டது. துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு உன் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, ‘குடுங்க, நானே போன் பண்ணி விஷயத்தைச் சொல்லிடறேன்’ என்று கையை நீட்டினாள். கொடுக்கவில்லை.

‘நான் நேர்ல போறேன்.’

‘போய்? ஹம்சான்னு சொல்லிக்கினு சேர்ல உக்காருவீங்களா? இது விளையாட்டு இல்ல ஆன்ட்டி.’

‘உக்கார மாட்டேன். அவ இல்லன்னு சொல்லுவேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கினு வரணும். ஒன்பது பேரு வேணாம்னாங்க, ஏன்னு ஒருத்தரும் சொல்லல. அவ தினம் வந்து நான் இன்னாம்மா தப்பு பண்ணேன், நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்னு என்னைக் கேப்பா. எனக்கு இன்னா தெரியும்? இவங்க வேணும்னாங்களே. ஏன்னு சொல்லட்டும். அதைக் கேட்டுக்கினு வரேன்.’

புஷ்ரா நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஏழாவது கேள்வியில் நின்றாள்.

அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ எழுதியதற்குக் குறுக்கே கோடு. கீழே, அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை என்று புதிதாக எழுதியிருப்பாய். புஷ்ரா ஏதோ வீடியோவில் பார்த்துச் சொன்ன பதில் அது. ஆனால் அடிக்கச் சொன்னவள் அவள் இல்லை. ‘பயம்னு நீயே ஒத்துக்கினா எவன்டி வேலை குடுப்பான்? அடி அதை’ என்று நான்தான் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தேன். ‘ஆனா அதுதானேம்மா நெசம்’ என்றாய். நான் முறைத்தேன். நீ ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டாய். ஆறு இடத்துக்கு அந்தப் புதுப் பதிலோடுதான் போனாய்.

போகும்போது புஷ்ரா, ‘பொய் சொல்ல மாட்டீங்கதானே?’ என்று வாசலில் நின்று கேட்டாள். உன் மேல் சத்தியம் என்று சொல்ல வாய் வந்தது. இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது இல்லையா. ‘மாட்டேன்மா’ என்றேன்.

அம்மா


22.12.2024, ஞாயிறு.

அம்சு,

சின்ன லெட்டர்தான். உன் ஃபைலைத் துடைத்து வைத்தேன். மார்க் ஷீட், ஆதார், போட்டோ இரண்டு, இந்த நோட்டு. சாம்பல் கலர் புடவை கட்டிக்கொள்ளப் போகிறேன். உனக்கு இன்டர்வியூ என்றால் நான் திருநீறு பூசி அனுப்புவேன். எனக்கு யார் பூசுவது என்று யோசித்துவிட்டு, நானே பூசிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

மத்தியானத்திலிருந்து உடம்பு சுடுகிறது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். இப்போதுதான் தெரிகிறது, எப்படி இருந்திருக்கும் உனக்கு என்று.

அம்மா


மயிலாப்பூர்,
23.12.2024, திங்கள்.

அம்சு,

போய்விட்டு வந்தேன். சாப்பிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று பிடுங்குவாய்.

மந்தைவெளியில் பஸ் ஏறி அடையாறில் இறங்கி எல்.பி. ரோட்டில் விசாரித்துக்கொண்டே போனேன். கீழே மருந்துக் கடை, மேலே ஆபீஸ். வாசலில் செக்யூரிட்டி ஒரு தாளை வைத்துக்கொண்டு பேர் கேட்டார். ‘ஹம்சா’ என்றேன். தாளில் விரல் வைத்துத் தேடினார். அஞ்சு பேர் இருந்தார்கள். மூன்றாவது நீ. இங்கிலீஷில் உன் பேர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உன் ஃபைல் மேலேயே எழுதியிருக்கிறதே.

‘பொண்ணு எங்கம்மா? லேட் பண்ணா உள்ள விட மாட்டாங்க.’

‘அவ வரல சார். நான் மேடத்தைப் பாத்துட்டுப் போயிடறேன்.’

உட்காரச் சொன்னார். ஏ.சி. நீ சொன்ன மாதிரியேதான், ஒரு சத்தம் இல்லை. பக்கத்து நாற்காலியில் நீலச் சுடிதாரில் ஒரு பெண். மடியில் நோட்டு. உதடு மட்டும் ஆடுகிறது. அந்த உதட்டை எனக்குத் தெரியாதா?

‘உங்க பொண்ணுக்கா ஆன்ட்டி?’ என்று அவளே கேட்டாள். ஆமாம் என்றேன். ‘எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. கை பாருங்க, ஐஸ்’ என்று கையை நீட்டினாள். பிடித்துப் பார்த்தேன். உனக்குச் சுடும், இவளுக்குச் சில்லிடுகிறது.

‘நான் கேக்கட்டா?’ என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் ஆபீசர் குரலில், ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்று கேட்டுவிட்டேன். மிரண்டு போய் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அப்புறம் கடகடவென்று சொன்னாள். அடுத்தது, அடுத்தது என்று போய் ஏழாவது வந்தது. அவளும் அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை என்றே சொன்னாள். எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் அடிக்கச் சொல்லிப் பழகிய வாய் இது. மூடிக்கொண்டேன்.

‘ஹம்சா’ என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எழுந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மாளவிகா மேடத்துக்கு முப்பது வயது இருக்கலாம். கண்ணாடி போட்டிருந்தாள். நாற்காலியைக் காட்டினாள். நான் உட்காரவில்லை.

‘மேடம், நான் ஹம்சா இல்ல. ஹம்சாவோட அம்மா. பேரு கற்பகம். என் பொண்ணு போன மாசம் ஆறாம் தேதி இறந்துட்டா மேடம். டெங்கு. அன்னிக்குப் போன்ல பேசினது நான்.’

இப்படியே சொன்னேன். பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன், அதனால் நடுவில் நிற்காமல் வந்துவிட்டது.

அவள் பேனாவை மூடினாள். முகம் சிவந்துவிட்டது. ‘ஐயோ’ என்றாள். கொஞ்சம் பொறுத்து, ‘அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க செஞ்சது தப்பு. அஞ்சு பேரைத்தான் கூப்பிட முடியும். அந்த இடத்துக்கு இன்னொரு பொண்ணைக் கூப்பிட்டிருப்பேன்’ என்றாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை, அம்சு. நீ ஒன்பது தடவை வெளியே நின்றாயே, அப்படி ஒருத்தி இன்றைக்கு எங்கேயோ நின்றிருக்கிறாள். என்னால். தலையைக் குனிந்துகொண்டேன். ‘அந்தப் பொண்ணை இப்போ கூப்பிடுங்க மேடம்’ என்றேன். ‘கூப்பிடறேன்’ என்றாள். கூப்பிடுவாள் என்றுதான் தோன்றுகிறது, அப்போதே ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

பிறகு, ‘அந்தப் பதிலெல்லாம் எப்படிச் சொன்னீங்க?’ என்று கேட்டாள். நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். புரட்டினாள். இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் பார்த்ததும் வாய்க்குள் படித்துப் பார்த்தாள். ஏழாவது கேள்வி வந்ததும் கோடு போட்டு அடித்திருந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

‘இதுதான்’ என்றாள். ‘அன்னிக்கு நாப்பது பேர்கிட்ட பேசினேன். எல்லாரும் ஒரே பதில், அளவுக்கு மீறி உழைப்பேன்னு. இந்த ஒரு பதில்தான் எனக்கு உண்மையா கேட்டுது. அதுக்குத்தான் கூப்பிட்டேன். இதை ஏன் அடிச்சாங்க?’

எதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்று போனேனோ அது கிடைத்துவிட்டது. நான் கேட்காமலே கிடைத்துவிட்டது.

‘நான்தான் அடிக்கச் சொன்னேன் மேடம்.’

 அவள் பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

அப்புறம் அந்த அஞ்சு பேர் தாளை எடுத்து, உன் பேர் மேல் பேனாவை வைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது, கோடு போடப் போகிறாள். ‘மேடம், அடிக்காதீங்க’ என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. ‘வரலைன்னு எழுதுங்க. அடிக்க வேணாம்.’

பேனாவை எடுத்தாள். உன் பேருக்குப் பக்கத்தில், நான் படிக்க வேண்டும் என்றுதானோ என்னவோ, தமிழிலேயே எழுதினாள். ‘வரவில்லை.’

எழுந்திருக்கும்போது, பழக்கத்தில்தான் கேட்டிருப்பாள், ‘உங்களுக்கு எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமாம்மா?’ என்றாள்.

பன்னிரண்டாவது கேள்வி. பதில் சொல்கிற நாற்காலியில் இருந்து அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நெஞ்சு முழுக்க இருக்கிறது, ஒன்றும் வெளியே வரவில்லை. ‘இல்ல மேடம்’ என்று சொல்லிவிட்டு உன்னைப் போலவே எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே நீலச் சுடிதார், ‘என்ன ஆன்ட்டி கேட்டாங்க?’ என்று ஓடி வந்தது. ‘நல்லவங்கதான். பயந்தா பயம்னே சொல்லு’ என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அம்மா


மயிலாப்பூர்,
15.1.2025, புதன்.

அம்சு,

நேற்றுப் பொங்கல். வைக்கவில்லை. புஷ்ரா கரும்பு கொண்டு வந்து மூலையில் சாய்த்துவிட்டுப் போனாள். காலையில் உன் போனிலிருந்து என் போனுக்கு அடித்துப் பார்த்தேன். போகவில்லை. ரீசார்ஜ் முடிந்துவிட்டது. இன்றைக்குச் சார்ஜ் போடவில்லை.

பின்னாலிருந்து எழுதிக்கொண்டு வந்து உன் எழுத்தை ஒட்டின பக்கத்தில் நிற்கிறேன். இதற்கு மேல் இடம் இல்லை. இதில் அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கிற அந்தத் திங்கட்கிழமை. மடியில் ஒரு புடவை, பக்கத்தில் பதினாறு. ஜெயபாரதி அக்கா வாசலில் ஆள் அனுப்பிவிட்டாள். நீ ஃபைலோடு கதவுகிட்ட நின்றாய். கிண்டியில் ஒன்பதாவது இடம்.

‘அம்மா, உடம்பு ரொம்ப சுடுது. நாளைக்கு வரட்டான்னு கேட்டுப் பாக்கட்டா?’

நான் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ‘பயத்துல சுடுது. எப்பவும் சுடுறதுதானே. மாத்திரை போட்டுக்கினு போ, வந்தா ஆறிடும்’ என்றேன்.

கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் தொட்டிருக்கலாம். புடவையைப் பார்க்கக் கூடாது, என்னைப் பார் என்று நீ எழுதியே வைத்திருந்தாய்.

நீ நான் பேசி முடிக்கிற வரை நின்றாய். பிறகு செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும், ஏம்மா என்னை அனுப்பினே என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் கத்தி முடிக்கட்டும் என்று பார்ப்பாயே, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாய். தண்ணி குடிச்சியாம்மா என்று மட்டும் கேட்டாய்.

ஏழாவது கேள்வியில் நீ போட்ட கோட்டை ரப்பரால் அழித்துப் பார்த்தேன். பேனாக் கோடு, போகவில்லை. தாள்தான் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. நிறுத்திவிட்டேன். பன்னிரண்டாவதுக்கு நீ விட்டு வைத்த இடம் அப்படியே வெள்ளையாக இருக்கிறது. அதில் நான் எழுதமாட்டேன்.

ஃபேனை நிறுத்திவிட்டேன். நான் ஆபீசராக உட்காருகிற நீல நாற்காலியைப் போட்டு போட்டோவுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். ஊசியைக் குத்தி வைத்துவிட்டேன். புடவையைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்க்கிறேன். சிரிக்கவில்லை. பத்து என்ன, எத்தனை வேண்டுமானாலும் எண்ணிக்கொண்டு பொறுக்கிறேன், நடுவில் நான் பதில் எடுத்துக் கொடுக்கமாட்டேன்.

ஹம்சா, எங்ககிட்ட கேக்க உங்களுக்கு ஏதாவது இருக்கா?